வெள்ளமும் தண்ணீரும்

சொந்த ஊரை விட்டுக் கல்லூரிக்குப் புறப்படும் பிள்ளைக்கு நாம் எத்தனையோ பொருள்களைக் கட்டிக் கொடுக்கிறோம். புதுச்சட்டை, போர்வை, ஊறுகாய், தேங்காய் எண்ணெய், செலவுக்குப் பணம், எல்லாவற்றிற்கும் மேலாக நிறைய அறிவுரை. ஆனால் போய்ச் சேரும் ஊரில் ஒருவரை எவ்வாறு அழைப்பது, சோறு போதும் என்பதை எந்தச் சொல்லால் தெரிவிப்பது, சிரிக்கிறவர் நட்பாகச் சிரிக்கிறாரா நகையாடுகிறாரா என்பதை எவ்வாறு கண்டுகொள்வது என்பன போன்ற சின்னஞ்சிறு செய்திகளை எவரும் மூட்டை கட்டி அனுப்புவதில்லை. அவை சின்னஞ்சிறியனவாக இருப்பதாலேயே நம் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் பிள்ளைகள் கண்கலங்கித் திரும்பி வருவது பெரும்பாலும் அவற்றினாலேயே என்பது என் பட்டறிவு.

இந்தத் தடுமாற்றத்திற்கு அறிஞர்கள் 'பண்பாட்டு அதிர்ச்சி' என்று பெயரிட்டுள்ளனர். கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியலார் 1954ஆம் ஆண்டு பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் இதைப்பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். 1960இல் அது கட்டுரையாக வெளிவந்தது. நாள்தோறும் நம்மை வழிநடத்தும் எண்ணற்ற அடையாளங்களை, அதாவது சொல், சைகை, முகக்குறிப்பு, வழக்கம் ஆகியவற்றை, ஒரே நாளில் இழந்துவிடும்போது மனிதனுக்கு உண்டாகும் கலக்கமே அது என்றார் அவர். முதலில் வியப்பு, பின்னர் வெறுப்பு, அதன்பின் மெல்ல மெல்லத் தெளிவு, இறுதியில் இணக்கம் என்று அதன் படிகளையும் வகுத்துக் காட்டினார். குடிக்கும் நீரையும் உண்ணும் உணவையும் பற்றிய அளவுகடந்த கவலை அதன் அறிகுறிகளுள் ஒன்று என்றும் குறிப்பிட்டார். இக்கருத்தைப் பிற்காலத்தில் ஒரு நூலகத்தில் படித்தபோது, ரியோவில் பேசிய அந்த அறிஞர் என் விடுதி அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டல்லவா பேசியிருக்கிறார் என்று எண்ணி நகைத்துக்கொண்டேன்.

பண்பாட்டு அதிர்ச்சி என்றவுடன் கடல்கடந்த நாடுகளும் பனியும் குளிரும் நம் கண்முன் தோன்றுகின்றன. கோவில்பட்டியிலிருந்து திருவனந்தபுரத்திற்கு வருகிறவனுக்கு அதிர்ச்சி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பீர்கள். ஒரே நாளில் பேருந்தில் வந்து சேர்ந்துவிடலாம். மொழியோ நம் மொழிக்கு மிக நெருங்கிய உறவு. இலக்கியமோ, சேர மரபினரான இளங்கோவடிகள் இயற்றியதாகப் போற்றப்படும் சிலப்பதிகாரத்தை இருவரும் உரிமை கொண்டாடலாம். இவ்வளவு அண்மையில் இருப்பதுதான் தொல்லையே! முற்றிலும் அந்நியமான ஊரில் நாம் எதையும் புரிந்துகொண்டதாக நினைத்துக்கொள்வதில்லை. கேட்டுக் கேட்டு நடக்கிறோம். பாதி தெரிந்த மொழியிலோ, புரிந்துவிட்டது என்று நம்பி மேலே நடந்துவிடுகிறோம். கால் இடறும்போதுதான் அங்கே ஒரு படி இருந்தது தெரிகிறது.

நான் பிறந்து வளர்ந்தது கோவில்பட்டிக் கரிசல் மண்ணில். தந்தையார் தீப்பெட்டி ஆலை ஒன்றில் கணக்கு எழுதி வந்தார். 1998ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் தேறியபோது, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த என் சித்தப்பா, "பையனை இங்கே அனுப்புங்கள் அண்ணாச்சி, நல்ல கல்லூரிகள் இருக்கின்றன, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதினார். அவ்வாறே நகரத்துக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. வரலாறு வகுப்பில் சேர்ந்தேன். தமிழை இரண்டாம் மொழியாக எடுத்துக்கொள்ளவும் வழி இருந்தது. கடைக்குப் பின்னால் இருந்த சித்தப்பாவின் வீட்டில் அவர்களுக்கே இடம் போதாமையால் மாணவர் விடுதி ஒன்றில் தங்கினேன். கல்லூரிக்கும் விடுதிக்கும் கட்ட அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று.

முதல் வியப்பு மழை. ஐப்பசியும் கார்த்திகையும் மனம் வைத்தாலன்றி எங்கள் கரிசலில் ஈரம் காண இயலாது. இங்கேயோ ஜூன் பிறந்தவுடன் தென்மேற்குப் பருவமழை கொட்டத் தொடங்கிவிடுகிறது. புத்தகப்பையும் குடையும் ஒன்றாகவே வாங்கவேண்டும். பாளையத்தில் பள்ளிவாசலும் மாதா கோயிலும் பிள்ளையார் கோயிலும் ஒன்றையொன்று பார்த்தவண்ணம் நிற்பதைக் கண்டு மகிழ்ந்தேன். தலைமைச் செயலகத்தின் எதிரே நிற்கும் திவான் மாதவராவ் சிலையைப் பார்த்து, அவரும் கும்பகோணத்தில் பிறந்தவர் என்று அறிந்தபோது, ஏதோ நம் தெருக்காரரைக் கண்டாற்போல் உள்ளம் பூரித்தது. ஓபர்க் கூறும் முதற்படி இதுதான் போலும். அது எனக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கவில்லை.

வகுப்பில் முதல் நாளே ஒன்று தெரிந்தது. என்னோடு சேர்ந்தவர்கள் அனைவரும் முதலாண்டு மாணவர்கள்தாம். ஆயினும் என்னைத் தவிர ஏறத்தாழ எல்லோருமே பழம்பெரும் கல்லூரி மாணவர்களாகக் காட்சியளித்தார்கள். காரணம் பின்னர்தான் புரிந்தது. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டிலேயே மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்குப் போய்விட்டது. கேரளத்திலோ அந்நாளில் பிரீ டிகிரி என்னும் ஈராண்டுப் படிப்பு கல்லூரிகளிலேயே நடந்துகொண்டிருந்தது. அது பள்ளிகளுக்கு முற்றிலும் மாறியது அதன்பிறகே. ஆகவே என் வகுப்புத் தோழர்கள் இரண்டாண்டுக் காலம் கல்லூரி வாழ்வில் ஊறியவர்கள்; மாணவர் தேர்தலையும் ஊர்வலத்தையும் முழக்கத்தையும் கண்டவர்கள். நானோ காலையில் கடவுள் வாழ்த்துப் பாடி, ஆசிரியர் உள்ளே வந்தால் எழுந்து நின்று பழகிய பள்ளிப் பிள்ளை. ஒருநாள் பாடம் நடந்துகொண்டிருந்தபோதே வெளியே முழக்கம் எழுந்தது. நொடிப்பொழுதில் வகுப்பு கலைந்தது. வேலைநிறுத்தமாம்! அன்று மாலை பந்த் என்ற சொல்லை ஒருவர் திருத்தி ஹர்த்தால் என்றார். பந்த் நடத்துவது சட்டத்திற்கு மாறானது என்று கேரள உயர்நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்திருந்ததும், அதன்பின் அந்தப் பழைய சொல் ஓய்ந்து புதிய சொல் நடமாடத் தொடங்கியதும் எனக்கு எங்கே தெரியும்?

இவையெல்லாம் பெரிய செய்திகள், எப்படியோ சமாளித்துவிட்டேன். என்னை வீழ்த்தியவை சிறிய சொற்கள்.

தண்ணீருக்கு இங்கே 'வெள்ளம்' என்று பெயர். விடுதியில் முதல்நாள் இரவு பரிமாறுகிறவர், "வெள்ளம் வேணோ?" என்று கேட்டபோது திகைத்துப் போனேன். எங்கள் ஊரில் குடம் தண்ணீருக்குத் தவம் கிடப்போம். இங்கே வெள்ளமே வேண்டுமா என்கிறார்களே! வந்ததோ பதிமுகக் கட்டையிட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு நீர். குடிக்கத் தயங்கி அன்றிரவு தாகத்தோடு படுத்தேன். சோறு சிவந்து பருத்த புழுங்கலரிசிச் சோறு. குழம்பில் தேங்காய் எண்ணெயின் மணம். இவை நாவுக்குப் பழகச் சில நாள் ஆகும், அது இயற்கை. ஆனால் 'மதி' என்ற சொல் இருக்கிறதே, அது என்னைப் பட்டினியே போட்டது. நமக்கு மதி என்றால் நிலவு அல்லது அறிவு. இங்கே 'போதும்' என்று பொருள். பரிமாறுகிறவர் கரண்டியை நீட்டி, "மதியோ?" என்பார், வேண்டுமா என்று கேட்கிறார்போலும் என்று நான் ஆவலோடு தலையசைப்பேன், அவர் அடுத்த இலைக்குப் போய்விடுவார். நாலைந்து நாள்கள் அரை வயிற்றோடு எழுந்தேன். "ஊணு கழிச்சோ?" என்று பரிவோடு ஒருவர் கேட்டார், உணவு உண்டாயா என்பது அதன் பொருள். கழித்தல் என்ற சொல்லுக்கு நம் வழக்கில் உள்ள பொருள்களை நினைத்துப் பாருங்கள். நான் மறுமொழி கூறாமல் முகம் திருப்பிக்கொண்டது ஏன் என்று விளங்கும்.

இவற்றை இன்று நகைச்சுவையாக எழுத முடிகிறது. அன்று நகைப்பு என் பக்கம் இல்லை. ஊர்ப்பெயரைக் கேட்டார்கள், "கோவில்பட்டி" என்றேன். அறை முழுவதும் சிரிப்பு வெடித்தது. திரும்பச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன், மீண்டும் சிரிப்பு. என் ஊர்ப்பெயரில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அதோடு 'பாண்டி' என்ற பட்டப்பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. நெல்லையும் மதுரையும் பாண்டிய நாடுதான். பாண்டியன் என்றால் நமக்குப் பெருமைதான். ஆனால் சொல்கிறவர் சொல்லும் தொனியில் ஒரு பெருமையும் இல்லை. என் பெயர் ஒன்று இருந்தது என்பதே நாளடைவில் எனக்கு மறந்துவிடும் போலிருந்தது. வகுப்பில் வாய் திறப்பதை நிறுத்தினேன். தமிழ் வகுப்பில் இருந்த நாங்கள் ஏழு பேரும் மாலையில் ஒன்றுகூடி, இந்த ஊரின் சோறு சரியில்லை, மழை சரியில்லை, மனிதர் சரியில்லை என்று மாறி மாறிப் பேசிக்கொள்வோம். அந்த ஒரு மணி நேரம் இதமாக இருக்கும். பிரிந்து அறைக்குத் திரும்பும்போது தனிமை முன்னிலும் இரட்டிப்பாகும்.

ஓண விடுமுறைக்கு முன் ஒரு சிறு தேர்வு வைத்தார்கள். விடைத்தாளை என் கையில் கொடுத்த ஆசிரியர் மதிப்பெண்ணைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "ஸாரமில்ல" என்றார். சாரம் இல்லை! எழுதியதில் சத்து இல்லை, சரக்கு இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டார். பலர் சிரித்தது பொறுக்கக்கூடியதாக இருந்தது. சிரிக்காத ஒருவர் சொன்னது பொறுக்கக்கூடியதாக இல்லை. ஓணத்திற்கு விடுதியை மூடினார்கள். பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தேன். இனித் திரும்பிப் போவதில்லை என்று பேருந்திலேயே முடிவு செய்திருந்தேன்.

என் தந்தையார் அதிகம் பேசாதவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் கழித்து, "போகவேண்டாம் என்றால் வேண்டாம்டா. சங்கிலி போனால் போகிறது. ஆனால் ஏன் என்று மட்டும் சொல்லிவிடு" என்றார். நான் காரணத்தைத் தேடினேன். யாரும் என்னை அடிக்கவில்லை. பட்டினி என்றும் சொல்ல முடியாது. சோறு அங்கே நிறையவே இருந்தது. ஆசிரியர்கள் நல்லவர்கள். மதி என்றார்கள், வெள்ளம் என்றார்கள், ஊர்ப்பெயரைக் கேட்டுச் சிரித்தார்கள் என்றா சொல்வது? அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நாவில் வைத்துப் பார்த்தேன். எதுவும் காரணம் என்று சொல்லும் அளவுக்குக் கனமாக இல்லை. எல்லாம் சேர்ந்தோ நெஞ்சைத் தூக்க முடியாதபடி கனத்தன. என் மௌனத்தை அம்மா என்னவென்று புரிந்துகொண்டார்களோ தெரியாது. விடுமுறை முடியும் நாளில் இரண்டு கிலோ கடலைமிட்டாயை ஒரு தகர டப்பாவில் அடைத்து, "கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு" என்று பெட்டியில் வைத்தார்கள். காரணம் சொல்ல முடியாமையாலேயே நான் மீண்டும் பேருந்து ஏறினேன்.

அந்த டப்பா செய்த வேலையை எந்த அறிவுரையும் செய்யவில்லை. என் அறைத்தோழன் கொல்லத்துப் பக்கத்துக்காரன். அதுவரை எங்களிடையே நாலு சொல் நடந்ததில்லை. மிட்டாயைத் தின்றுகொண்டே டப்பாவின் மேல் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக் காட்டி, இது என்ன எழுத்து என்றான். கோவில்பட்டி என்று படித்துக் காட்டினேன். அவன் முகத்தில் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. உடனே அடக்கிக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னான்: மலையாளத்தில் பட்டி என்றால் நாய்! கோயில் நாய் என்று ஓர் ஊருக்குப் பெயர் இருந்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பட்டி என்பது எங்களுக்கு ஆடுமாடு அடைக்கும் தொழு, அதைச் சூழ்ந்து எழுந்த சிற்றூர் என்று விளக்கினேன். தெற்கே பாதி ஊர்கள் பட்டியில்தான் முடியும் என்றேன். பேச்சுவாக்கில் தேர்வுச் செய்தியையும் சொல்லி, ஆசிரியர் சாரமில்லை என்றுவிட்டார் என்றேன். அவன் மிட்டாயைக் கீழே வைத்துவிட்டான். "ஐயோ, அது ஆறுதல் வார்த்தையல்லவா! பரவாயில்லை, கவலைப்படாதே என்று சொல்லியிருக்கிறார்" என்றான்.

மூன்று மாத காலம் என்னைச் சுற்றிப் பரிவு இருந்திருக்கிறது; அது எனக்கு வந்து சேரவில்லை. அவ்வளவுதான்.

கணிதமேதை இராமானுஜன் 1914ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் சென்றபோது நிகழ்ந்த ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. பின்னாளில் புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞரான மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். அவர் ஒருநாள் இராமானுஜனை அறையில் காணச் சென்றார். இரவெல்லாம் குளிர் தாங்கவில்லை என்றும், மேலங்கியை அணிந்தே உறங்குவதாகவும் இராமானுஜன் கூறினார். மகலனோபிஸ் படுக்கையைப் போய்ப் பார்த்தார். கம்பளிகள் போதுமான அளவுக்கு இருந்தன. அவை மெத்தையின் ஓரத்தில் இறுகச் செருகப்பட்டு, மேலே விரிப்புப் போட்டு மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்கவேண்டும் என்பதை இராமானுஜனுக்கு எவரும் சொல்லவில்லை. கம்பளிகளின் மேலேயே படுத்துக் குளிரில் நடுங்கியிருக்கிறார். எண்களின் உள்ளறைகளில் எல்லாம் நுழைந்து வந்த அந்தப் பேரறிவுக்குப் படுக்கைக்குள் நுழையும் வழி தெரியவில்லை. இதில் அறிவுக்குறைவு ஏதுமில்லை. வழக்கம் என்பது சிந்தித்துக் கண்டுபிடிக்கக்கூடிய பொருள் அன்று. யாரேனும் காட்டித் தரவேண்டிய பொருள். வழி தெரிந்தவர்களோ, இதையும் ஒருவர் சொல்லித் தரவேண்டுமா என்று எண்ணிச் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள்.

கொல்லத்துத் தோழன் எனக்குக் கம்பளியை விலக்கிக் காட்டினான். அவனுக்கு இளையராஜாவின் பாடல்கள் என்றால் உயிர்; பொருள் தெரியாமலே நூற்றுக்கணக்கில் பாடுவான். வரிக்கு வரி நான் பொருள் சொல்லத் தொடங்கினேன். நாளடைவில் மற்றவர்களும் எங்கள் அறைக்கு வரலாயினர். வாங்கிக்கொண்டே இருப்பவனுக்கு அயலூர் அயலூராகவே இருக்கிறது. கொடுப்பதற்கும் தன்னிடம் ஏதோ ஒன்று உண்டு என்று அறியும் நாளில் அந்த ஊரில் அவனுக்கு ஒரு திண்ணை கிடைத்துவிடுகிறது. பாண்டி என்ற பெயர் அடியோடு மறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைச் சொல்பவரின் குரலை வைத்து நட்பையும் நஞ்சையும் பிரித்தறியப் பழகினேன். நஞ்சாகச் சொன்னவர் மிகச் சிலரே.

காது திறந்தபின் மலையாளம் வேறொரு முகம் காட்டிற்று. 'பறையுக' என்றால் சொல்லுதல். பறைதல் நம் பழந்தமிழ்ச் சொல்லே. யாழ்ப்பாணத் தமிழர் பேச்சில் இன்றும் வழங்குகிறது. நான் முகம் சுளித்த 'ஊணு' வேறொன்றுமில்லை. உண் என்பதன் வழிவந்த நம் 'ஊண்'தான். நாம் பெட்டியில் பூட்டி வைத்துவிட்ட பாட்டியின் நகைகளை அடுத்த வீட்டுப் பெண் அன்றாடம் அணிந்து நடமாடுவதைப் பார்ப்பது போன்ற மகிழ்ச்சி அது. என்னைத் தடுமாற வைத்த அண்மையே பிற்பாடு என்னைத் தாங்கும் கைப்பிடியும் ஆயிற்று.

இன்னொரு கைப்பிடியும் கிடைத்தது. 1829ஆம் ஆண்டில் தோன்றிய இந்நகரின் பொது நூலகத்தில் தமிழ் நூல்களின் அடுக்கை ஒருநாள் கண்டுபிடித்தேன். அங்கே கையில் கிடைத்தது நீல. பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்'. நான் நடக்கும் இதே தெருக்கள், இதே கோட்டை, இதே கோயில் தமிழ் எழுத்தில் நடமாடுகின்றன! அதன்பின் ஆ. மாதவனின் கடைத்தெருக் கதைகள். சித்தப்பாவின் கடைக்குச் செல்லும் வழியெல்லாம், இதே சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த ஒருவர் அல்லவா இவற்றை எழுதினார் என்ற வியப்பு என்னோடு நடந்து வரும். கும்பகோணத்தில் பிறந்து, இங்கே மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து, இந்நகரையே வாழிடமாகக் கொண்ட நகுலனைப் பின்னர் அறிந்தேன். இவர்களுக்கெல்லாம் முன்னோடியாக, ஆலப்புழையில் 1855இல் பிறந்து, இன்று யூனிவர்சிட்டி கல்லூரி எனப்படும் அன்றைய மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராகத் திகழ்ந்த சுந்தரனாரும் உண்டு. அவர் 1891இல் வெளியிட்ட 'மனோன்மணீய'த்தின் பாயிரப் பாடலைத்தான் தமிழ்நாடு அரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. தமிழகப் பள்ளிகளில் நாள்தோறும் பாடப்படும் வாழ்த்து பிறந்தது இந்த மலையாள மண்ணில் வாழ்ந்த ஒருவரின் எழுதுகோலில்! அயலூரில் இருந்துகொண்டு தமிழனாக இருக்க முடியுமா என்று கலங்கியவனுக்கு இதைவிட வேறென்ன விடை வேண்டும்?

பட்டம் பெற்றேன், தேர்வு எழுதி மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர் பணியும் பெற்றேன். சில ஆண்டுகள் வெளியூர்களில் பணியாற்றிய பின், மாற்றல் வேண்டும் என்று கேட்டு இதே நகருக்கு வந்து சேர்ந்தேன். இப்போது எங்கள் அலுவலகத்துக்கு அனைத்திந்தியத் தேர்வு மூலம் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். சென்ற ஆண்டு வந்த ஒருவன் உணவகத்தில் "மதியோ?" என்ற கேள்விக்குத் தலையசைத்துவிட்டு வெறும் இலையை வெறித்துக்கொண்டிருந்தான். அருகே சென்று அமர்ந்து மூன்று சொற்களைச் சொல்லிக் கொடுத்தேன்: மதி, வெள்ளம், ஸாரமில்ல. வயிற்றுக்கு இரண்டு, மனத்துக்கு ஒன்று.

எனினும் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த இளைஞன் அல்லன், என் மகள். இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிப்படிப்பை முடித்து, சென்ற ஆண்டு கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். தமிழ் மண்ணுக்குத்தானே போகிறாள், அவளுக்கென்ன குறை என்று உறவினர் அனைவரும் மகிழ்ந்தனர். வீட்டில் தமிழ்தான் பேசுவாள். எழுதப் படிக்கவும் அறிவாள். மூன்றாம் வாரம் தொலைபேசியில், "அப்பா, இங்கே என்னை மலையாளத்துப் பெண் என்கிறார்கள். வெள்ளம் வேணும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், விடுதியே சிரித்தது. அங்கே இருக்கும்போது நான் தமிழ்ப்பெண். இங்கே வந்தால் மலையாளி. அப்படியானால் நான் யார் அப்பா?" என்று கேட்டாள். குரல் உடைந்தது.

தாய்மொழி மண்ணிலேயே அயலாளாக நிற்கும் நிலை, புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கே வாய்த்த தனித்துன்பம். மும்பையிலோ தில்லியிலோ பெங்களூரிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதை அறியும். வெளிநாட்டில் பயின்று தாய்நாடு திரும்புவோரும் இரண்டாம் முறையாக இதே தடுமாற்றத்துக்கு ஆளாகின்றனர் என்பதை ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். சேரும் இடத்தில் விழிப்போடு இருக்கிறோம். திரும்பும் இடத்தில் நம் வீடு என்று நம்பிக் காலை வைக்கிறோம். ஆகவே இடறல் பலமாகிறது.

நான் மகளுக்கு அறிவுரை எதுவும் கூறவில்லை. என் தந்தையாரைப்போல் காரணம் கேட்கவும் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். "ஸாரமில்ல மோளே" என்றேன். அழுகைக்கிடையே சிரித்துவிட்டாள். பிறகு, விடுதியில் மார்த்தாண்டத்துப் பெண் யாரேனும் இருந்தால் தேடிப் பிடி என்றேன். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாள்வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த மண். அங்கே பிறந்தவர்களுக்கு இரு கரையும் தெரியும். அவ்வாறே ஒரு மூத்த மாணவி கிடைத்தாள். இப்போது என் மகள் அங்கே தன் தோழியருக்கு மலையாளம் எழுதக் கற்றுத் தருகிறாளாம். அவளுக்கும் ஒரு திண்ணை கிடைத்துவிட்டது.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு இதனால் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் தமிழகத்திலிருந்து இளம்பிள்ளைகள் இந்நகருக்குக் கல்வி நாடி வருகின்றனர். நம் பிள்ளைகள் வெளியூர்களுக்குச் செல்கின்றனர். வருகிற பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழையுங்கள். நம் சாம்பாரும் ரசமும் அவனுக்கு ஒருவேளை ஆறுதல் தரும். அதோடு நின்றுவிட வேண்டாம். நமக்கு வழக்கமாகிப் போனதால் நாம் மறந்துவிட்ட அந்தச் சிறு சொற்களையும் சிறு வழக்கங்களையும் சொல்லிக்கொடுங்கள். நம்மவர் மட்டும் கூடிக் குறை பேசும் மாலைப்பொழுதை விட்டு எழுந்து, அண்டை அறைக் கதவைத் தட்டத் துணிவு கொடுங்கள். செல்கிற பிள்ளை தொலைபேசியில் அற்பமான ஒன்றுக்கு அழுதால், அற்பம் என்று தள்ளிவிடாதீர்கள். சொல்லக்கூடிய காரணங்களுக்காக அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்லப் பலர் உண்டு. சொல்ல முடியாத காரணங்களுக்காக அழுகிறவர்களுக்கு வீடு ஒன்றுதான் உண்டு.

கம்பளிகள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. விலக்கிக் காட்ட ஒரு கை வேண்டும். அந்தக் கை நம்முடையதாக இருக்கட்டும்.